பதினொண்ணாவது கேள்வி

பதினொண்ணுலதானே நிக்கிறீங்க? இல்ல, நான் எட்டிப் பாக்கலை. பேனாவைப் பிடிச்சுக்கிட்டு பத்து நிமிஷமா ஒரே இடத்தைப் பாத்துட்டிருக்கீங்க. அந்த மெடிக்கல் ஃபாரத்துல மனுஷங்க அப்படி நிக்கிற இடம் அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் மளமளன்னு போயிடும். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, தாத்தா எதுல செத்தார்.

வெளிநாட்டுலேருந்து தத்தெடுக்கத்தானே? ஃபைல் தடிமனைப் பாத்தாலே தெரியுது. நாலு வருஷம் முன்னாடி நானும் இதே மாதிரி ஒண்ணை மடியில வச்சுக்கிட்டு இதே பெஞ்சுல உக்காந்திருந்தேன். அப்ப பெஞ்சுக் கால் ஆடும். இப்ப யாரோ அடியில அட்டையை மடிச்சு வச்சிருக்காங்க.

மனநலத்துக்காக எப்பவாவது சிகிச்சை எடுத்ததுண்டா, ஆமா, இல்லை, ஆமான்னா விவரம். விவரத்துக்கு நாலு வரி. அதே நாலு வரிதான் மூலத்துக்கும்.

ஏன் சொல்றேன்னா, எங்க வீட்டுக்காரருக்கு மூலம் ஆபரேஷன் ஆகியிருக்கு. குழாய் ரிப்பேர் பாக்கிறவர். ஒழுகுதுன்னா ஒழுகுதும்பார், பொய் சொல்ல வராது. நாலு வரி போதாம ஓரத்துலயும் எழுதிட்டார். அதை இங்க டாக்டர் படிச்சார். நோட்டரி படிச்சார், சத்தமா. அப்புறம் மொழிபெயர்க்கிறவர். பாவம், வயசானவர், அந்த நாட்டு மொழியில சரியான வார்த்தை கிடைக்கலைன்னு ரெண்டு தடவை போன் பண்ணி, எந்த இடத்துலன்னு விளக்கம் கேட்டார். கடைசியில ஏஜென்சி கவுன்ட்டர்ல இருக்கிற பொண்ணு, எல்லாம் நகலா இருக்கே, மூலம் எங்கேன்னு கேட்டுது. இவர், அதை எடுத்து ஆறு வருஷமாச்சும்மான்னார்.

சிரிங்க, பரவாயில்லை. அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இப்ப அது மூணு மொழியில, ஏழு முத்திரையோட, ஏதோ ஒரு நாட்டு அலமாரியில பத்திரமா இருக்கு.

நானா? நான் பதினொண்ணுக்கு இல்லைன்னு எழுதினேன்.

இருந்துச்சே. இருந்ததாலதானே சொல்லிட்டிருக்கேன்.

அதுக்கு நாலு வருஷம் முந்தி எனக்கு ஒம்பதாம் மாசம். துடிப்பு கேக்கலைன்னாங்க. பிரசவம் மட்டும் ஆச்சு. பையன். நான் அழலை. நல்லா தாங்கிட்டா, கெட்டிக்காரின்னு எல்லாரும் பாராட்டினாங்க. பதினஞ்சாம் நாள் வேலைக்குப் போயிட்டேன். கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிற வேலை எனக்கு. மெஷின் முன்னாடி உக்காருவேன், சுவிட்சைப் போட மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் அப்படியே. ஒரு வாரம் பாத்துட்டு முதலாளி எங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினார், உங்க சம்சாரம் இங்க வர்றாங்க, ஆனா வரலைன்னு.

இருபத்தோரு நாள் உள்ள வச்சிருந்தாங்க. இதே ஆஸ்பத்திரிதான். அப்புறம் ஒரு வருஷம் மாத்திரை. சரியாயிடுச்சு. உண்மையாவே சரியாயிடுச்சு.

மாமியார்கிட்ட இவர் மஞ்சள் காமாலைன்னு சொல்லிட்டார். வாழ்க்கையில அவர் சொன்ன முதல் பொய். அவங்க அதை நம்பி ஆறு மாசம் எனக்கு எண்ணெயைக் கண்ணுல காட்டலை. பத்தியச் சாப்பாட்டை அவங்களும் கூட உக்காந்து சாப்பிட்டாங்க. கெட்ட மாமியாரா இருந்தா உண்மையைச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்.

ஆமான்னே எழுதியிருக்கலாமேங்கறீங்களா? ஏஜென்சியில எங்க கேஸ் பாக்கிற மேடமும் அதையேதான் சொன்னாங்க. வியாதி வந்தது தப்பில்லை, மறைக்கிறதுதான் தப்பு, அப்பப் பாத்த டாக்டர் இப்ப நல்லாயிருக்காங்கன்னு ஒரு கடிதம் கொடுத்தா போதும்னாங்க. பொதுவாத்தான் சொன்னாங்க, எனக்குன்னு இல்லை. சரிதான். ஆனா கடிதம் எழுத டாக்டருக்குப் பழைய ஃபைல் வேணும். ஃபைல் கீழ்த்தளத்துல. அதை எடுத்துக் கொடுக்கிறது என் நாத்தனார். நான் வீடு திரும்பின மறுவருஷம்தான் அவளுக்கு அங்க வேலை கிடைச்சுது. நான்தான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். நல்ல பொண்ணு, ஆனா வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது. காலையில அவளுக்குத் தெரிஞ்சா மத்தியானம் தெருவுக்கே தெரியும்.

அது போக, யாரோ ஒரு ஜோடி ஆமான்னு எழுதி, அந்த நாட்டுக்காரங்க கதவைச் சாத்திட்டாங்கன்னு ஒரு பேச்சு. யாரு, எப்பன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியலை.

ஒவ்வொரு பக்கத்துலயும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமில்ல. இவர் பதினொண்ணைப் பாத்தார். என்னைப் பாத்தார். கையெழுத்தைப் போட்டுட்டார். அது ரெண்டாவது பொய்.

கிடைச்சுது. பொண்ணு. வரும்போது மூணு வயசு, இப்ப அஞ்சரை. வந்தப்ப ஒரு வார்த்தை நம்ம பாஷை தெரியாது. இப்ப என்னை ஒரு வார்த்தை பேச விடறதில்லை. போன மாசம் அப்பாவோட ஸ்பேனரை எடுத்து சமையலறைக் குழாயைக் கழட்டிட்டா. வீடெல்லாம் தண்ணி. இவருக்கு அப்படியொரு பெருமை.

ஆனா ஒண்ணு சொல்றேன். அவ வர்றதுக்கு முன்னாடி அவளோட ஃபைல் வந்துது. மூணு வயசுக்கு முப்பத்திரண்டு பக்கம். பெத்தவளுக்கு என்ன வியாதி, எத்தனை வயசு, யாரு விட்டுட்டுப் போனது. முதுகுல ஒரு தழும்பு இருக்கு, அதோட நீளம் அகலம். படுக்கையில போறது வாரத்துக்கு எத்தனை தடவை. அதை நான், இவர், மாமியார், நாத்தனார், அந்த நேரம் பாத்து வந்த பக்கத்து வீட்டுக்காரங்க, எல்லாரும் சாப்பாட்டு மேசையில பரப்பி வச்சுப் படிச்சோம். தழும்பு பக்கம் வந்தப்பதான் எனக்கு உறைச்சுது. என்னைப் பத்தின ஒரு வரிக்கு நான் நாலு மாசம் தூங்கலை. இதையெல்லாம் சொல்லலாமான்னு இந்தப் புள்ளைகிட்ட யாரு கேட்டா? பிடுங்கிட்டுப் போய் பீரோவுல வச்சுப் பூட்டினேன். அதுக்குள்ள எல்லாரும் படிச்சாச்சு.

இல்ல, வந்ததோட முடியாது. அஞ்சு வருஷத்துக்கு வருஷா வருஷம் அறிக்கை போகணும். புள்ளை எப்படி, அப்பா அம்மா உடம்பு எப்படி. அதனால நான் டாக்டர்கிட்டயே போனதில்லை. காய்ச்சலுக்குக்கூட. போனா எழுதுவாங்க, எழுதினா முன்ன என்ன இருந்துச்சுன்னு கேப்பாங்க. இல்லைன்னு ஒரு தடவை எழுதிட்டீங்கன்னா, அதுக்கு ஏத்த மாதிரி ஆரோக்கியமாவே இருந்து தொலைக்கணும்.

என்ன எழுதணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆமான்னு எழுதியிருந்தா அவ எனக்குக் கிடைச்சிருப்பாளான்னு இன்னைக்கும் தெரியாது. கிடைச்சிருக்க மாட்டான்னு யாராவது சத்தியம் பண்ணினா, மறுபடியும் இல்லைன்னுதான் எழுதுவேன்.

திங்கக்கிழமை மேடத்துக்குப் போன் பண்ணினேன். பதினொண்ணுக்குத் தப்பா எழுதிட்டேன்னு சொன்னேன். எந்த வருஷம், எத்தனை நாள்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க. அப்புறம் சொன்னாங்க, புள்ளையை யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க, கோர்ட்டுல முடிஞ்சது முடிஞ்சதுதான்னு. ஆனா இதை மேலிடத்துக்கு நான் எழுதித்தான் ஆகணும், இனிமே மாசாமாசம் வீட்டுக்கு வருவேன், உங்க ரெண்டாவது விண்ணப்பம் நிக்காதுன்னாங்க. ஆமா, ரெண்டாவதுக்கும் போட்டிருந்தோம். தம்பி வருவான்னு அவகிட்ட சொல்லி வச்சிருந்தோம். அதை இன்னும் அவகிட்ட சொல்லலை.

மாமியார்கிட்ட நேத்து நானே சொல்லிட்டேன். காமாலை இல்லத்தே, இதுதான்னு. கையில இருந்த கீரையை ஆஞ்சு முடிச்சாங்க. அப்புறம், நாளைக்குப் புள்ளையை ஸ்கூல்லேருந்து நான் கூட்டிட்டு வந்துடறேன், நீ நிதானமா வான்னாங்க.

ஏன் இப்பப் போய்ச் சொன்னேனா? என் பொண்ணுக்கு இப்ப புதுசா ஒரு பழக்கம். தன் தட்டை எடுத்துட்டு வந்து எனக்கு எதிர்ல உக்காந்துக்கிறா. நான் ஒரு வாய் எடுத்தாத்தான் அவ ஒரு வாய் எடுக்கிறா. முழுங்கிட்டேன்னா நம்பறதில்லை, ஆ காட்டுங்கறா. காட்டறேன். அஞ்சரை வயசு.

இருங்க, நம்பர் கூப்பிடறாங்க. உங்களை இல்லை, நீங்க உக்காருங்க, உங்களுக்கு இந்த அறைதான். நான் அறிக்கைக்கு வரலைம்மா. எனக்கு அந்தக் கடைசி அறை, மனநல டாக்டர். நாலு மாசமா எனக்கு மறுபடியும் சரியில்லை. வரட்டா?