சர்க்கரைப் பையோடு ஓர் ஒத்திகை

திருநகரிலிருந்து பெரியார் நிலையம் போகும் டவுன் பஸ். முன் இருக்கையிலிருந்த இளைஞர், பக்கத்தில் புதிதாக வந்து உட்கார்ந்த நடுவயதுக்காரரிடம் பேச்சுவாக்கில் சொன்னார்:

"கண்ணாடிப் பெட்டியில பச்சப்பிள்ளைக்குப் பதிலா சர்க்கரைப் பைய வச்சு ஒத்திகை பாத்தாங்கண்ணே."

"யாரு தம்பி?"

"ஆஸ்பத்திரி ஹெட் நர்ஸம்மா. குறைமாசப் பிள்ளைக வார்டைப் புதுக் கட்டடத்து மாடிக்கு மாத்தணும். அந்தம்மா வேலையத் துண்டு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஆளப் பொறுப்பாக்குனாங்க. முன்ன உள்ளவுக 'முடிஞ்சது'னு சொல்லாம அடுத்தவுக கைவைக்கக் கூடாது."

"சர்க்கரைப் பை எதுக்கு?"

"எங்க தப்பு வரும்னு முன்னாடியே பாக்கத்தான். நடுவுல லிப்டு நின்னா என்ன செய்வீகனு கேட்டாங்களாம். உடனே மாடிப்படிக்கும் ஆள் போட்டாங்க."

"நெசமாவே நின்னுச்சா?"

"கடைசிப் பிள்ளைய லிப்டுக்குள்ள ஏத்தப் போகும்போது கரண்டு போயிருச்சுண்ணே. ஒருத்தரும் பதறல. படியில நின்னவுக பெட்டியோட அப்படியே மேல கொண்டு போயிட்டாங்க. ஆக்சிஜன் பிடிக்கிறவரும் கூடவே ஏறுனாரு. அம்புட்டுப் பேரு, ஒரு சத்தமில்ல. கீழ நின்னு பாத்த எனக்குக் கும்பிடணும்போல இருந்துச்சு."

"நீங்க எதுக்கு அங்க போனீக?"

"அந்தப் பெட்டியில இருந்தது என் மகண்ணே."

பழங்காநத்தத்தில் இறங்க எழுந்த நடுவயதுக்காரர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளை அழுதுச்சா தம்பி?"

"இல்லண்ணே. அவன் தூக்கங்கூடக் கலையல."