மரகதக் குழிக்கு இரண்டு ரிக்கெற்

– இப்பத்தைய சனத்துக்கு வாய் என்னத்துக்கு? மூண்டு தரம் ரெலிபோன் அடிச்சன். மூண்டு தரமும் மெசின்தான் கதைக்குது. இந்த ட்ரவல்ஸில மனிசர் ஒருத்தரும் இல்லையோ?

– நான் இருக்கிறன் அங்கிள். நிலாணி. முதல்ல இருங்கோ.

– இருக்க வரேல்லை. அமிர்தநாதர் என்ரை பேர். ரெண்டு ரிக்கெற்றையும் கான்சல் பண்ணு. இந்தக் கடதாசி என்ரை மனிசியின்ரை தலையணைக்குக் கீழை கிடந்தது. எகிப்தாம், பாலைவனமாம், பச்சைக்கல் தோண்டின குழியாம்!

– ஓ, மரியம்மா அன்ரியின்ரை அவரோ? நல்ல ரூர் அங்கிள் அது. விடிய நாலு மணிக்கு ஜீப் வரும்.

– இருட்டுக்கையோ?

– வெயில் ஏற முன்னம் போகத்தான். ஆறு ஜீப், ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. முன்னுக்கு வழிகாட்டி.

– பாஸ்போட்டை ஆர் வச்சிருப்பான்?

– வழிகாட்டி. செக்பொயின்றில காட்டவேணுமெல்லோ.

– பொலிஸ்?

– பின்னால வரும்.

– பிடிக்கவோ?

– ஐயோ, பாதுகாப்புக்கு!

– என்னை மொக்கன் எண்டு நினையாதை பிள்ளை. இருட்டில வாகனம், பாஸ்போட் அவன்ரை கையில, பின்னால பொலிஸ். எங்களை இஞ்ச கொண்டந்த ஏஜென்சிக்காரனும் உப்பிடித்தான். ரெண்டு நாளில கனடா எண்டான். பாங்கொக்கில ஒரு அறைக்கை பதினாலு பேர், ஏழு மாசம். உந்த வழிகாட்டி எங்கை கொண்டுபோய் விடுவான்?

– ஹோட்டலில. பின்னேரம் அஞ்சு மணிக்கு.

– அவனும் நேரம் சொன்னவன்தான். சரி, அங்கை என்ன காட்டுவியள்?

– ரெண்டாயிரம் வருசத்துப் பழைய ஊர். கூரை இல்லை, சுவர் மட்டும் நிக்குது.

– அதுக்குக் காசோ? ஊரில, குருநகரில, குண்டு விழுந்த என்ரை வீடும் அப்பிடித்தான் நிக்குது. வரச்சொல்லு, சும்மா காட்டுறன்.

– பிறகு மலையில குழியள். ரோம ராசாக்களுக்கு மரகதம் எடுத்தது. தவண்டு உள்ளுக்கை போகலாம்.

– குண்டுக்குப் பயந்து பங்கர்க் குழியளுக்கை தவண்டே என்ரை முழங்கால் தேஞ்சு போச்சு. இனி ஆசைக்கும் தவழுறதோ? கல்லு கில்லு கிடைக்குமோ?

– எடுத்தால் குற்றம் அங்கிள்.

– பாத்தியோ! கான்சல் பண்ணு ரெண்டையும்.

– அன்ரி இந்தக் கதிரையில இருந்துதான் சொன்னவ அங்கிள், ஒருக்காவெண்டாலும் திரும்பி வாற ரிக்கெற்றோட ஒரு பயணம் போகவேணும் எண்டு.

– அவளுக்கு என்ன தெரியும்? சண்டைக்கை நான் ஓடு எண்டா ஓடுவாள், நிலத்தில படு எண்டா படுப்பாள். அப்பிடித்தான் உயிரோட கொண்டந்து சேத்தனான். இன்னொருக்கா அவளைக் காப்பாத்த எனக்குச் சத்தில்லை பிள்ளை.

– அங்கிள்... ரெண்டு ரிக்கெற் இல்லை. அன்ரி தனக்கு மட்டும்தான் எடுத்தவ. இண்டைக்கு மத்தியானப் பிளேன். இப்ப ஏறியிருப்பா.

– பாத்தியோ, ஏஜென்சிக் குணம்! நான் போறன். உன்னை நம்ப எனக்கென்ன விசரோ? அவள் காலமை பிறம்ரனுக்கு மகளிட்டப் போனவள். பெரிய சூட்கேஸ், வெயிலுக்குப் போடுற புதுத் தொப்பி, எல்லாத்தையும் இந்த ஸ்நோவுக்கை பஸ்சடி வரைக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் குடுத்தனான்!