புற்றுக்கூண்

உங்கள் ஸ்டேஷன் வாசல் மாமரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருப்பது நோய் இல்லை, இன்ஸ்பெக்டர். மரப்பாசி. காற்று சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். யாரோ பாதியைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். தெரியாத ஒன்றைத் தொடாமல் இருப்பது மனிதர்களுக்கு எவ்வளவு கஷ்டம் பாருங்கள்.

என் பெயர் ஜெயபாய். வயது அறுபத்திரண்டு. மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் தாவரவியல் எடுத்தேன். ஓய்வுக்குப் பிறகு, மழை பிடித்ததும் சனிக்கிழமை காலைகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு குலசேகரத்துக்கு மேலே காட்டில் காளான் பார்க்கப் போவேன். எங்கள் பக்கம் கூண் என்போம். வருகிறவர்கள் வங்கிக்காரர்கள், நர்ஸுகள், வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள். எதைக் கண்டாலும் ஒரே கேள்வி: "டீச்சர், இது தின்னக் கொள்ளாமா?" ஒரு காட்டைப் பார்த்து அவர்களுக்குத் தோன்றியது, தின்னலாமா என்பது ஒன்றுதான். பொறுமையாகப் பதில் சொன்னேன்.

டெல்வின் மூன்று வருஷத்துக்கு முன் வந்தான். கத்தாரில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். போனைக் கம்பில் மாட்டி முகத்துக்கு நேரே பிடித்தபடி நடப்பான். ஒரு மழைக்காலத்தில் என்னிடமிருந்து பதினைந்து பெயர்களைப் பொறுக்கினான். ஒன்பதைத் தப்பாகச் சொன்னான். ஒருநாள், புழு கடித்த கூண் என்றால் மனிதனும் தின்னலாம் என்று பத்துப் பேர் முன்னால் அளந்துகொண்டிருந்தான். புழுவின் குடலும் நம் குடலும் ஒன்றல்ல என்று திருத்தினேன்.

"டீச்சர் புக்கைப் படிச்சவங்க. நான் தின்னு படிச்சவன். எது பெருசு, மக்கா?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். சபிதாவும் சிரித்தாள். சபிதா என் மாணவி. பூஞ்சைப் பாடத்தில் முக்கித் தேறியவள். சிரிக்க அவளுக்கு ஒரு தகுதியும் கிடையாது.

அடுத்த மழைக்கு அவனே ஆட்களைக் கூட்டிக்கொண்டு தனியாக நடை தொடங்கினான். பறித்த கூணை ஓடைக்கரையிலேயே அடுப்பு மூட்டி, தேங்காயெண்ணெயில் வதக்கிக் கொடுத்தான். என் ஆட்கள் அவன் பின்னால் போனார்கள். நான் காட்டைக் காட்டினேன், அவன் தீனியைக் காட்டினான். எனக்குப் பொறாமை இல்லை. பொறாமைப்படுமளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்தரைக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். கூடவே குரல்: "டீச்சர், இது நம்ம புத்துக்கூணுதானே? பதினோரு பேரு உண்டு, எல்லாரும் பசியில நிக்காவ." பின்னால் சபிதாவின் குரலும் கேட்டது: "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பெரிதாக்கிப் பார்த்தேன். புற்றுக்கூண் கறையான் புற்றுக்குள் வேர்விட்டு நிற்கும். இது அடியில் கிழிந்த பையோடு நின்றது. ஆளைக் கொல்லும் கூண். என் பிளஸ் டூ பிள்ளைகளில் கடைசி பெஞ்சுகூடச் சொல்லிவிடும்.

ஒரு சாயா போட்டுக் குடித்தேன். பிறகு "கொள்ளாம்" என்று ஒரே வார்த்தை அனுப்பினேன்.

நீங்கள் திருச்சிக்காரர் என்றார்கள். எங்கள் ஊரில் கொள்ளாம் என்றால் தின்னலாம் என்றும் பொருள், நன்றாக இருக்கிறது என்றும் பொருள். படத்தைத்தான் சொன்னேன் என்று நான் வாதாடலாம். ஆனால் அவன் போன் உங்களிடம் இருக்கிறது. என்ன கேட்டான் என்பதும் இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள்.

மத்தியானம் கூப்பிட்டான். "அடிபொளி டேஸ்டு, டீச்சர். உங்களுக்கும் கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன்." அந்த விஷம் முதலில் எதையும் காட்டாது. அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லியிருந்தால் அநேகமாக எல்லோரும் பிழைத்திருப்பார்கள். "சந்தோஷம்" என்று சொல்லி போனை வைத்தேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்தபோது சபிதாவின் புருஷன் குமாரதாஸ் வாசலில் நின்றான். சட்டைப் பித்தான்களை மாற்றிப் போட்டிருந்தான். கையில் ஒரு டப்பா. அதில் வேகாத துண்டு ஒன்று.

"விடியக்காலம் தொட்டு வாந்தி, டீச்சர். எல்லாருக்கும். என்ன கூணுண்ணு தெரிஞ்சா மருந்து பாக்கலாம்ணு டாக்டர் சொல்லுகாரு. நீங்க பாத்து சொல்லுங்கோ."

டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "இது புற்றுக்கூண்தான், குமாரதாஸ். ஓடைத்தண்ணீர் குடித்திருப்பார்கள்" என்றேன். அவன் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினான். டாக்டர்கள் இரண்டு நாள் தண்ணீருக்கு வைத்தியம் பார்த்தார்கள்.

ஐந்து பேர் செத்தார்கள். டெல்வின், சபிதா. மற்ற மூவரின் பெயர் எனக்குத் தெரியாது. அவர்கள் என்னிடம் படித்தவர்கள் இல்லை.

ஏன் என்று கேட்டீர்கள். வெறுப்பு என்று எழுத வேண்டாம். வெறுக்கும் அளவுக்கு டெல்வின் ஆளே இல்லை. இருபத்தெட்டு வருஷம் தப்பு விடைகளைத் திருத்தினேன், ஒருவரும் திருந்தவில்லை. ஒரே ஒரு தடவை, தெரிந்தே, தப்புக்குச் சரி போட்டேன். இரண்டாம் தடவை கேட்டு வந்தவனிடமும் அதையே சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது.

சீக்கிரம் எழுதி முடித்தால் நல்லது. இந்தச் சனிக்கிழமை நடைக்கு இருபத்துமூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பயந்துபோயிருக்கிறார்கள், பாவம். நான் கூடப் போகாவிட்டால் அவர்களுக்கு ஏதாவது ஆகிவிடும்.