ஆரியசாலையில் ஈரமில்லாத வீடு

...ஒழுகல் இல்ல சாரே, ஒழுகல் இல்ல! ஒழுகல் வேற, இது வேற. ஒழுகல்னா மழ பெய்யும்போ ஒழுகணும், மழ நின்னா நிக்கணும். இது மழ நின்ன பொறவும் சொட்டிக்கிட்டே இருக்கு. அப்பம் இதுக்கு ஒழுகல்னு பேரு சொல்லலாமா? நீங்களே சொல்லுங்கோ. வேண்டாம், சொல்லாண்டாம், கம்பத்தப் பிடிச்சிருக்கேள், பேச்சு வாக்கில கை நழுவிரும். தோளக் குடுத்து அப்படியே சாஞ்சு நில்லுங்கோ. ஒரே ஒரு நிமிசம். கொட்டாப்புளி இந்தா என் கையிலதான் இருக்கு, கம்பத்துக்க அடியில ஆப்ப வச்சு ஒரு அடி அடிச்சா காரியம் தீந்தது. குடைய மடக்காண்டாம். வீட்டுக்குள்ள குட பிடிக்கதுக்கு மொத நாளு ஒரு மாதிரி இருக்கும், பொறவு பழகிரும்.

பெட்டிய அந்த பெஞ்சுக்கு மேலயே வச்சிட்டேளா? நல்லது. கீழ வச்சா அடி ஊறிரும்... இல்ல, ஈரம் ஒண்ணும் கெடையாது, ஒரு ஜாக்கிரதைக்குச் சொன்னேன்.

நீங்க அந்தக் காப்பிக்கடையில 'தங்குகதுக்கு ஒரு எடம் கெடைக்குமா'ன்னு கேட்டேளே, அப்பம் நான் அடுத்த மேசையிலயாக்கும் இருந்தேன். என் பகவதி கொண்டுவந்து விட்ட மாதிரி. மதுரக்காரரு, பள்ளிக்கூட வாத்தியாரு, இந்த ஊருல ஒரு குஞ்சையும் தெரியாது. எனக்கு வேண்டியது அப்படி ஒரு ஆளுதான். வாடகையா? ஐயே, வாடகையப் பத்திப் பேசாதீங்கோ, எனக்குத் தேஷ்யம் வரும். எனக்கு ஒரு வார்த்த போதும் சாரே. மத்தியான டிரான்ஸ்போர்ட் பஸ்ஸில நாகர்கோயில்லேந்து எங்க அத்தான் வருவாரு, நயினாருன்னு, என் வீட்டுக்காரிக்க அண்ணன். வாசல்ல நின்னு உங்ககிட்ட கேப்பாரு. 'நேத்து ராத்திரி இங்கதான் படுத்தேன், ஈரமே இல்ல'ன்னு சொல்லிரணும். அவ்வளவுதான்.

பொய்யா? இது எப்படிப் பொய்யாகும்? இன்னைக்கு ராத்திரி இங்க படுக்கத்தானே போறேள்? அத ஒரு நாள் முந்திச் சொல்லுகேள், அவ்வளவுதானே.

விசயம் என்னன்னு கேட்டேள்னா, சொர்ணம்னு என் வீட்டுக்காரி. சொர்ணம்மாள். எடவப்பாதி மழ தொடங்கி கொஞ்ச நாளில கோவிச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனவ. இப்பம் கர்க்கடகம், உங்க ஆடி மாசம், முடியப் போகு. நான் போயிக் கூப்பிட்டேன், வரல. மறுபடியும் போனேன். அப்பம் என்ன சொன்னா தெரியுமா? 'அசலாளு ஒருத்தன் அந்த வீட்டில ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சு, ஈரம் இல்லன்னு எங்க அண்ணன்கிட்ட சொல்லட்டும். அன்னைக்கு வாறேன். உங்க வாயில வருகத நான் இனி நம்புகதா இல்ல'ன்னுட்டா. கெட்டின புருசனப் பாத்து! அதும் அடுக்களையில அவ மதினி கேட்டுக்கிட்டு நிக்கும்போ!

ஆளு கெடைக்கணும்லா? இந்தத் தெருவில கேட்டா எல்லாவனும் சிரிக்கான். போன வாரம் ஒரு எண்ண யாவாரியக் கூட்டியாந்தேன், செங்கோட்டைக்காரன். வாசப்படியில நின்னு மேல பாத்தான். பாத்த உடனே 'எனக்கு ஒரு சோலி கெடக்கு'ன்னுட்டுப் போனான். என்ன சோலி? ஒரு சோலியும் கெடையாது. எனக்குத் தெரியாதா?

நீங்களும் மேல பாக்காதீங்கோ. கழுத்து வலிக்கும்.

நான் சொல்லுகேன் சாரே, குத்தம் என்மேல இல்ல. இந்த ஊரு சீதோஷ்ணம் மேல. மதுரையில வெயில்னா வெயில், ஒரு மரியாத உண்டும். இங்க மீன மாசம், உங்க பங்குனி, தொடங்கிச்சுன்னா ஓட்டுச் சூடு அப்படியே பலகத்தட்டு வழியா எறங்கும். ராத்திரியும் ஆறாது. பாயில படுத்தா பாய் முதுகில ஒட்டிக்கிட்டு கூடவே எந்திரிக்கும். சரி, மழ வந்தா தீரும்னு இருப்போம். மழ வரும். தீப்பெட்டி பத்தாது, அரிசி வண்டு வைக்கும், துணியில கரும்புள்ளி விழும். போன வருசம் என் தலகாணியில ஒரு காளான் மொளச்சுது. சின்னக் காளான் இல்ல, குட மாதிரி விரிஞ்ச காளான். சர்க்காரு மாறி ராச்சியத்துக்குத் திருக்கொச்சின்னு பேரும் வச்சாச்சு, மழையக் கேக்க ஒரு நாதி இல்ல.

எனக்கு ஒண்ணுமில்ல சாரே, நான் எருமத்தோலு. அவளுக்கு இழுப்பு. வெயில் காலத்தில ஒறக்கம் இல்லாம எந்திரிச்சு உக்காந்து விசிறுவா. மழக்காலத்தில மூச்சு கெடந்து விசில் அடிக்கும். பக்கத்தில படுத்துக்கிட்டு அதக் கேட்டுக்கிட்டே கெடக்கணும் நான். அடுத்த மூச்சு வருமா வராதான்னு... அது உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதுக்காகத்தான் செய்தேன். அவளுக்காக மட்டும்தான் செய்தேன். சூடும் எறங்கப்படாது, ஈரமும் எறங்கப்படாது, அதுக்கு ஓட்டுக்கும் பலகத்தட்டுக்கும் நடுவில இருக்க மச்சில எதையாவது அடைக்கணும். இதுதான் என் சித்தாந்தம்.

மொத வருசம் பழஞ்சாக்க அடைச்சேன். சாக்கு ஊறி நாறி, திருவனந்தபுரத்தில உள்ள கொசு எல்லாம் அங்க குடும்பம் நடத்திச்சு. மறு வருசம் உமி. கொத்தன் ஞானையன் சொன்ன யோசன. நல்ல யோசனதான், ஆனா நான் வாங்கின உமியில பாதி நெல்லு கெடந்திருக்கு. மழையில ஊறி, மச்சு பூரா ஞாறு, நெல்லு நாத்து! பலக இடுக்கு வழியா பச்சப்பசேல்னு தொங்குகு! கோமதிநாயகம்னு பக்கத்து வீட்டுக்காரன், அவன் வந்து பாத்திட்டு, 'பிள்ளவாள், களை எப்பம் எடுக்கப் போறீரு'ன்னு கேக்கான். மூணாமத்த வருசம்...

மூணாமத்தது வேற ஒரு முற. அது என் சொந்த மூள. அத விடுங்கோ.

சத்தம் கேக்கா? அது ஒண்ணுமில்ல, பசு. அந்தக் கோமதிநாயகத்துக்க பசுவாக்கும். பொறத்தால நின்னு எங்க செவர நக்குகு. ஓட்டாண்டாம், ஓட்டினாலும் போவாது, காலம்பற வந்தா சாயங்காலம் வரைக்கும் நக்கும். அந்தப் பக்கத்துச் செவரு எளச்சே போச்சு. கோமதிநாயகம் என்கிட்ட சண்டைக்கு வாறான், நான் அவன் பசுவ வசியம் பண்ணி வச்சிருக்கேனாம்! புல்லு தின்ன மாட்டேங்கு, வீட்டுக்கு வர மாட்டேங்குன்னு. செவரு என்னுது, நக்குகது அவன் பசு, நஷ்டம் யாருக்கு? ஆனா நான் வாயத் தெறக்கல. தெறக்க முடியாது.

என்ன... உதட்டில விழுந்திட்டா? தொடச்சிடுங்கோ, தொடச்சிடுங்கோ. கரிக்கா? கரிக்கும் கரிக்கும். கடல் காத்து சாரே. சங்குமுகம் கிட்டத்திலதானே இருக்கு. கடல் காத்தில உப்பு வருகு, ஓட்டில படிகு, அப்படியே எறங்குகு. சொர்ணத்துக்கிட்டயும் அதத்தான் சொன்னேன். அவ என்ன கேட்டா? 'வேற வீட்டுக்கெல்லாம் அந்தக் காத்து போவாதா'ன்னா. பொம்பளைக்கு என்ன கேள்வி பாருங்கோ... ஆமா, சாம்பாருக்கு உப்பு போட்டாளா இல்லையான்னே தெரியாம மூணு நேரமும் ஒரே கரிப்பு. அடுப்புக்கு மேலயும் சொட்டும்லா. அவ குத்துவெளக்கெல்லாம் பச்ச பூத்துப் போச்சு. அவ அம்மை குடுத்த வெளக்கு. அதத் தொடச்சுத் தொடச்சுப் பாத்து அழுதா. அழுதுக்கிட்டே பெட்டிய எடுத்தா.

எதுக்கு இப்படி முழிச்சுப் பாக்கேள்? நீங்க என்ன வாத்தியாரு சாரே? தமிழ்தானே?

சயின்ஸா!

சவம். காப்பிக்கடையில அதக் கேக்காமப் போனேன்.

சரி. சொல்லிருகேன். அத்தான் காதில விழப்படாது. சால பஜாரில எனக்கு என்ன யாவாரம்னு நீங்க கேட்டதுக்கு பலசரக்கு மாதிரி ஒண்ணுன்னு சொன்னேன்லா... உப்பு. தூத்துக்குடி உப்பு, மொத்த யாவாரம். இப்பம் என் நியாயத்தக் கேளுங்கோ. கடையில உப்புச்சாக்குக்குப் பக்கத்தில வத்தல் மூட கெடக்கும். மழக்காலத்திலயும் வத்தல் கலகலன்னு இருக்கும். என்ன அர்த்தம்? உள்ள ஈரத்த எல்லாம் உப்பு குடிச்சிருகு! அது மாதிரி மேட மாசத்து வெயில்ல உப்புச்சாக்கில சாஞ்சு உக்காந்தா முதுகு குளுந்து கெடக்கும். பாத்தேளா? வெயிலுக்கும் ஆச்சு, மழைக்கும் ஆச்சு! ரெண்டு ரோகத்துக்கும் ஒரே மருந்து, அதும் நம்ம கடையிலயே கெடக்கு! எஞ்சினீயருக்குப் படிச்சவனுக்கு இது தோணிச்சா?

போன மார்கழி அவ தேரோட்டத்துக்கு சுசீந்திரம் போனப்பம் ஏத்தினேன். ஒரு வண்டி. இல்ல, ரெண்டு. பொறவு மூலையில கொஞ்சம் எடம் சும்மா கெடக்கேன்னு... மூணு வண்டின்னு வச்சுக்கிடுங்கோ. வந்து கேட்டா. புது உமின்னு சொன்னேன்.

ஆனா சாரே, மேட மாசத்தில இந்த வீடு இருந்த இருப்பு! ஊரு பூரா வெந்து கெடக்கு, என் சொர்ணம் போத்திக்கிட்டு ஒறங்கினா! நடு மத்தியானம் சாரே! முழிச்சு, 'உங்க உமி கொள்ளாம், நல்லாருக்கு'ன்னு சொல்லி என் கையப் பிடிச்சா. கெட்டின நாள் மொதல் நான் செய்த ஒரு காரியத்தையும் கொள்ளாம்னு சொன்னவ இல்ல. அந்த நேரத்தில எப்படிச் சொல்லுவேன் உப்புன்னு? நீங்க சொல்லுவேளா?

பொறவு எடவப்பாதி. உப்பு குடிச்சுது. நல்லாத்தான் குடிச்சுது, நான் இல்லன்னு சொல்லல. குடிக்கதுக்கு ஒரு வரம்பு வேண்டாமா? அக்கம்பக்கத்தில உள்ள ஈரமெல்லாம் எங்க வீட்டுக்கு வந்திட்டு. மத்த வீட்டுல எல்லாம் இந்த வருசம் நல்ல வறட்சி, கோமதிநாயகம் அப்பளம் காய வைக்கான் வீட்டுக்குள்ள!

எறக்கிரலாமேன்னு கேப்பேள். எப்படி எறக்க? உருகி, உறஞ்சு, மறுபடி உருகி, இப்பம் ஒரே பாறையாக் கெடக்கு. கடப்பாறையப் போட்டா பலகையோட வந்திரும். ஞானையன் ஒரு தடவ மேல ஏறித் தட்டிப் பாத்தான். பாத்திட்டு கீழ எறங்கி, கையக் கழுவிட்டு, கூலி கூட வாங்காமப் போயிட்டான். ஆணியெல்லாம் துரு தின்னு போச்சு, சட்டத்துக்க கோலமும் நீங்க பாக்கேள்லா... பாக்காதீங்கோன்னு சொன்னேனே!

பின்ன இத்தனையும் எதில நிக்கின்னா... அதான் சாரே, நீங்க பிடிச்சிருக்க கம்பத்தில.

அசையாதீங்கோ! பயப்படுகதுக்கு ஒண்ணுமில்ல. நேத்து வரைக்கும் நான்தான் பிடிச்சிருந்தேன், சோறு கூட ஒரு கையாலதான் தின்னேன். இன்னைக்குக் காலம்பற உரலச் சாய்ச்சு முட்டுக் குடுத்திட்டு உங்களத் தேடி வந்தேன். ஆப்பு மட்டும் அடிச்சிட்டா... அடிக்கேன், இப்பம் அடிக்கேன். ஆப்பு எங்க? இந்த எளவு ஆப்பு இங்கதானே கெடந்துது. இருங்கோ, கட்டிலுக்கு அடியில உருண்டு போயிருக்கும். நீங்க அத்தான்கிட்ட சொல்ல வேண்டியத ஒரு தடவ மனசில சொல்லிப் பாருங்கோ. 'நேத்து ராத்திரி இங்கதான் படுத்தேன்.' நேராப் பாத்துச் சொல்லணும், சிரிக்கப்படாது. ஆங், கெடைச்சாச்சு, ஆப்பு கெடைச்சாச்சு சாரே...

சாரே?

அய்யோ என் பகவதியே! சாரே! பெட்டியத் தூக்கிட்டு ஓடுகாரே மனுசன்! குடையாவது எடுத்துக்கிடுங்கோ! அம்மாடி... சாயுகு, சாயுகு... பிடிச்சாச்சு. பிடிச்சாச்சு. ஆப்பு கையில இருக்கு, கொட்டாப்புளி கட்டிலுக்கு அடியில போச்சு. நல்லா இரும் வாத்தியாரே, நல்லா இரும்! ஒரு வார்த்த! ஒரு வார்த்த சொல்லிட்டுப் போப்படாதா!

யாரு... வாசல்ல ஜட்கா வண்டி நிக்க சத்தம்... அத்தானா? வாங்கோ அத்தான், வாங்கோ! இல்ல, உள்ள வரண்டாம், முற்றத்திலயே நில்லுங்கோ, நல்ல காத்து. அசலாளா? இருந்தாரு அத்தான், இப்பம் வரைக்கும் இருந்தாரு. தெருவில பெட்டியத் தூக்கிட்டு ஓடுகாருல்லா, அவருதான். ஈரமே இல்லன்னு சந்தோசத்தில ஓடுகாரு. கூப்பிட்டுக் கேளுங்கோ... போயிட்டாரா. சரி போட்டும். நானா? நான் கம்பத்த எதுக்குப் பிடிச்சிருக்கேன்னா, ஒரு பழக்கம்தான். வண்டியில வேற யாரு? பொறத்தால எறங்குகது யாரு...

சொர்ணமா?

நீ எதுக்குட்டி வந்த? அசலாளு சொல்லாம வரமாட்டேன்னு சொன்னவ... நான் எளச்சுப் போனேன்னு யாரு சொன்னா? ஒரு கையால தின்னா எளைக்கத்தான் செய்யும். மூச்சு எப்படி இருக்கு? இழுப்பு கொறஞ்சிருக்கா? கொறஞ்சிருக்கு, மொகத்தப் பாத்தாத் தெரியுகு. ஈரம் இருந்தா இருந்திட்டுப் போட்டும்னா? அப்படியா சொல்லுக? நெசமாவா?

நில்லு. சொர்ணம், நில்லு! படியில கால வைக்காத! சொன்னாக் கேளு, உள்ள வராத! உன்ன உள்ள கொண்டுவரத்தான் இந்த மழ பூரா நாய் பாடு பட்டேன், இப்பம் நானே சொல்லுகேன், வராத! கோவம் இல்லட்டி, வேற பொம்பள யாரும் உள்ள இல்லட்டி, நீ ஒரு கிறுக்கி! மேல கெடக்கது உமி இல்ல. உப்பு. மூணு வண்டி உப்பு, நான்தான் ஏத்தினேன், உன் வெளக்கப் பச்ச ஆக்கினதும் நான்தான். எல்லாம் இப்பம் என் தலைக்கு மேல நிக்கு. பேசு, ஏசு, என்ன வேணும்னாலும் சொல்லு, அங்க நின்னு சொல்லு. படியேறாத! எதுக்கு ஏறுக? நான் ஒத்தையில பிடிக்கேன்னா? என் ராசாத்தில்லா, போ, பொறத்தால போ... அத்தான்! நோக்கிட்டு நிக்கேளே அத்தான்! நீங்க அவளப் பிடிச்சுக்கிடுங்கோ, நான் இதப் பிடிச்சிருக்கேன்!