நாலு பேர் திருத்தின ராஜினாமா

ஹலோ... ஹலோ, அக்கா? நான்தான்... ஆமா, ஆமா, லாண்டரியிலேர்ந்துதான். மெஷின் சத்தம். இருங்க, படிக்கட்டுக்கு வந்துடறேன்... ம். இப்ப கேக்குதா?

அக்கா, நம்ம தந்தி உள்ள போயிட்டாளா?

... எப்போ? ... அஞ்சு நிமிஷமாச்சா.

... இல்ல, இல்ல. வாழ்த்து சொல்ல கூப்பிடலை. மேனேஜர் ரூம் கதவைத் தட்டி அவளை வெளிய கூப்பிடுங்க.

... இன்டர்வியூ நடக்குதுன்னு தெரியும்க்கா. தெரிஞ்சுதான் சொல்றேன். நீங்க முதல்ல எழுந்து நில்லுங்க.

... அது என் வேலை.

... அவ உள்ள உக்காந்து கேட்டுட்டிருக்காளே, அந்த வேலை. அது என்னோடது.

... ஆமா, லாண்டரியில ஒரு எடம் காலின்னுதான் வாசல்ல போர்டு வெச்சாங்க. அந்த எடம் நான் நிக்கற எடம். காலையில என் மேசையில பெட்ஷீட் மடிச்சிட்டிருக்கேன், சூப்பர்வைசர் வந்து கார்டைக் குடுன்னு கையை நீட்டறாரு.

... நான் எங்க விட்டேன்? அதைத்தான் சொல்ல வரேன். போன வியாழக்கிழமை உங்க ரூம்ல இங்கிலீஷ் கிளாஸ்ல என்ன பாடம்? ... அதேதான். வேலைய விடறேன்னு முதலாளிக்கு ஒரு லெட்டர். நான் எழுதினேன். நீங்க திருத்தினீங்க, தையக்காரி திருத்துச்சு, சமையக்காரி திருத்துச்சு, தந்தி கூட ஒரு கமா வெச்சா. கடைசியில நீங்கதான் சொன்னீங்க, இதை வாயால சொல்லி குரூப்புல போடு, பேச்சு எப்படி வருதுன்னு பாப்போம்னு.

... போட்டேனே. திங்கக்கிழமை சாயந்தரமே போட்டேன். ... உங்களுக்கு வரலை. வராது. அது சூப்பர்வைசருக்குப் போயிருக்கு.

... அதுக்கு முன்னாடிதான் மகளுக்குக் காய்ச்சல், சீக்கிரம் போறேன்னு அவருக்கு ஒரு மெசேஜ் போட்டேன். அவர் பக்கமே திறந்து கெடந்திருக்கு. நான் குரூப்புன்னு நெனச்சு பேசிட்டேன்.

... சிரிக்காதீங்கக்கா. ... சிரிக்கலையா? சரி. அப்படிக் கேட்டுச்சு.

... சொன்னேன். பாடம் சார், பாடம் சார்னு பத்து தடவ சொன்னேன். அவர் நம்பலை. மேனேஜர் ரெண்டு வாட்டி போட்டுக் கேட்டாராம். இவ்ளோ மரியாதையா யாருமே வேலைய விட்டதில்லையாம். ஒன்பது வருஷமா 'எஸ் சார்', 'ஃபினிஷ் சார்' தவிர என் வாயிலேர்ந்து வேற ஒண்ணும் கேட்டதில்ல அவங்க. திடீர்னு ஒரு நிமிஷம் பேசினா, மனசுலேர்ந்து வந்துச்சுன்னுதான் நெனப்பாங்க. நன்றி வேற சொல்லியிருக்கேன். இங்க கத்துக்கிட்டதை மறக்க மாட்டேன்னு. அது நீங்க சேத்த வரி.

... பழி போடலை. ... பழி போடலைக்கா, நடந்ததைச் சொல்றேன்.

... தையக்காரியைக் குத்தம் சொல்ல முடியாது. போர்டைப் பாத்துது, குரூப்புல போட்டுது. எவ கண்ணுல பட்டாலும் உடனே போடணும், வரிசையில முதல்ல இருக்கறவ போகணும். நாமதான வெச்சோம் அந்த வழக்கத்தை. முதல்ல இருந்தவ தந்தி. எல்லாம் முறையாத்தான் நடந்துச்சு. எனக்கும் சந்தோஷம்தான். எவளோ வேலைய விட்டுட்டா போல, தந்தி நம்ம பக்கத்துல வந்து நிப்பான்னு நெனச்சேன். அந்த எவளோ நான்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?

... நேத்து ராத்திரி பூரா அவளுக்கு சொல்லிக் குடுத்தது யாரு? நான். மேனேஜர் என்ன கேப்பாரு, எதுக்கு எப்படி பதில் சொல்லணும். பெட்ஷீட்டை மடிச்சுக் காட்டச் சொல்வாரு, மூலையிலேர்ந்து பிடின்னு எங்க வீட்டுப் போர்வையை வெச்சு இருபது தடவ. என் சட்டையையும் குடுத்தேன். சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறதுன்னு சொல்வாங்களே, நான் அதுக்கு இஸ்திரியும் போட்டுக் குடுத்திருக்கேன்.

... போட்டுட்டு வந்திருக்காளா? ... பொருந்தியிருக்கா? ... சரி.

அக்கா, நேரமில்ல. ஆபீஸ்ல டைப் அடிக்கிற பொண்ணு சொல்லிச்சு, புது ஆள் கையெழுத்துப் போடற வரைக்கும்தான் என் பேர் இருக்குமாம். அதுக்கு முன்னாடி மேனேஜர்கிட்ட நேரா சொன்னா உண்டு. இல்லாட்டி இல்ல.

... எப்படி வருவேன்? கார்டை வாங்கிட்டாங்களே. அது இல்லாம லிஃப்ட் திறக்காது. படிக்கட்டுல ஏறினா மேல இரும்புக் கதவு. அதுக்குக் கீழதான் நிக்கறேன்.

... பண்ணேன். ஆபீஸுக்கு மூணு தடவ ஃபோன் பண்ணேன். எடுத்து இங்கிலீஷ்ல கேக்கறாங்க, நான் கட் பண்ணிடறேன். ... கிளாஸ்ல பேசறேன், இல்லங்கலை. கிளாஸ்ல உங்க முகத்தைப் பாத்துப் பேசறேன். தப்பா வந்தா நீங்க தலையை ஆட்டறீங்க. இங்க யாரு இருக்கா?

தந்திக்கும் அடிச்சேன். ஆஃப். உள்ள போகும்போது ஆஃப் பண்ணுன்னு சொல்லிக் குடுத்தவளும் நான்தான்.

... ரூமும் போயிடும்க்கா. அது லாண்டரி குடுத்த ரூம். மாசக் கடைசியில சாவியைக் குடுன்னுட்டாரு. அடுத்த மாசம் மகளுக்குப் பரீட்சை. கட்டில், அடுப்பு, அவ புத்தகம், எதைத் தூக்கிட்டு எங்க போவேன்?

தட்டுங்க. ஒரே தட்டு.

... தந்தி நிலைமையா? ... தெரியும். எட்டு மாசமா வேலை இல்ல, தெரியும். ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு தம்பி வீட்டு நடையில படுக்கறா, அதுவும் தெரியும். தம்பி பொண்டாட்டி சோத்தை எப்படி வைக்கிறான்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். என் ரூம்லதான வந்து அழுதா.

... அப்போ நான்? ... இல்ல, நீங்களே சொல்லுங்க. வரிசை வரிசைங்கறீங்களே, இன்னிக்குக் காலையில வேலை போனவ அந்த வரிசையில எங்க நிக்கணும்? கடைசியிலயா? ஆறு வருஷமா வரேன் உங்க ரூமுக்கு. உங்களுக்கு ஆபரேஷன் பண்ணப்போ பதினஞ்சு நாள்... சரி. அதைச் சொல்லிக் காட்டக் கூடாது. விடுங்க.

... அழலை. மூச்சு வாங்குது. படி ஏறினேன்ல.

... என்ன? ... கதவு வழியா கேக்குதா? ... ஃபோனை அங்க வைங்க. வைங்கக்கா.

...

...

தந்தியா அது?

... என்னக்கா இவ்ளோ நீளமா பேசறா? ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டான்னுதான அப்படிப் பேரு வெச்சோம். ... இருங்க. ... அது நான் சொல்லிக் குடுத்தது இல்ல. அவளா சொல்றா. பிள்ளைங்களைப் பத்தி சொல்றா.

... சிரிக்கறாரு. அவர் சிரிச்சா எடுத்துட்டாருன்னு அர்த்தம். என்னை எடுத்தப்பவும் அப்படித்தான் சிரிச்சாரு.

தட்டாதீங்க.

... ஆமா, தட்டாதீங்கன்னுதான் சொல்றேன். இவ்ளோ நல்லா பேசிட்டிருக்கா, நடுவுல போயி... ...

... என்ன சத்தம் அது? ... பேப்பரா? ... பேனா குடுக்கறாரா?

அக்கா, தட்டுங்க. தட்டுங்க, தட்டுங்க. ... சொன்னேன், இப்ப இப்படிச் சொல்றேன். தட்டுங்க.

...

... திறந்துடுச்சா? ... அவகிட்ட குடுங்க. ... தந்தி, நான்தாண்டி. கையெழுத்துப் போட்டுட்டியா? ... போடலையா? ... அக்கா தட்டினதாலயா? ... அதுக்கு முன்னாடியேவா? ஏண்டி?

... ஃபாரத்துல ரூம் நம்பர் போட்டிருந்துச்சா. ... ம். ... ஆமாடி. என் ரூம்தான். ... அதைப் பாத்துட்டா பேனாவைக் கீழ வெச்ச?

... இல்ல, நான் விடலை. அந்த லெட்டர் தப்பா போயிடுச்சு. நீ கமா வெச்சியே, அது. ... நீ சொல்லேன் அவர்கிட்ட. நீ நல்லா பேசற, நான் கேட்டேன். ... யாருகிட்ட குடுக்கற? வேண்டாம். வேண்டாம்டி, எனக்கு வராது, நீயே...

... ஹலோ சார்.

... எஸ் சார். ... எஸ் சார்.

... நோ சார்.

... லெட்டர்... வாய்ஸ் மைன் சார். லெட்டர் ஃபோர் லேடீஸ். ... ஆல் ரைட்டிங். தர்ஸ்டே. ... இங்கிலீஷ் கிளாஸ் சார். ... லேடீஸ் ஹவுஸ்ல. ஹவுஸ், சார்.

... நோ சார், வெரி ஹேப்பி. ஐ நாட் கோ. ஐ வான்ட் மை ஒர்க்.

... திஸ் லேடி? ... எஸ் சார், ஃப்ரெண்ட். ... குட் ஒர்க்கர். வெரி குட். ... டூ பீப்பிள், சார்? டூ? ... ப்ளீஸ் சார்.

... ஒன்லி ஒன்.

... ஐ சே, சார்? நவ்? ... சார், ஷி... ஷி இஸ் ஹியரிங்? ... ஸ்பீக்கர்லயா சார்?

...

... எஸ் சார். மீ.

... எஸ். ... ஐ கம் பேக். ... தேங்க்யூ சார்.

... அக்கா? ... ஆமா, கார்டைத் திருப்பிக் குடுக்கச் சொல்றேன்னாரு. ... தந்திகிட்ட குடுங்க. ... குடுங்கக்கா. ... வாங்க மாட்டேங்கறாளா?

... பக்கத்துலதான இருக்கா. அவ காதுல வைங்க.

... தந்தி. ... தந்தி, அடுத்த எடம் வந்தா நானே வந்து... ... பையை எடுத்துட்டியா? நில்லுடி. ஏதாவது சொல்லிட்டுப் போ. ... திட்டு. திட்டிட்டுப் போடி.

... ஹலோ?

... ஹலோ.