தூக்கிக்கொண்டு போற சாமான்

— இல்ல அக்கா, விளங்காமத்தான் கேக்குறன். இங்க வாற தாய்மார் எல்லாரும் கேம் ஓடாத லெப்டொப்பா ஒண்டு தாங்கெண்டு கேப்பாங்க. நீங்க மட்டும் கேம் நல்லா ஓடணும் எண்டுறீங்க.

— ஓம் தம்பி, நல்லா ஓடவேணும். விலையும் எங்களுக்குத் தாங்கவேணும். வெள்ளவத்தையில ஒரு கடை மிச்சமில்லாமல் ஏறி இறங்கியாச்சு. இனி என்னால ஏலாது. ஷரீப் எண்டது நீங்கள்தானே? பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் உங்களிட்டப் போகச் சொன்னது.

— நான்தான். அந்த ஸ்டூல்ல இருங்க முதல்ல. ஆருக்கு, மகனுக்கா?

— மகனுக்கு. கஜரூபன். பதினாறு வயசு. போன மாசம் டியூசனுக்குப் போகேக்க பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். நானும் இவரும் ராப்பகலாப் பொலிஸ் வாசல்லயே கிடந்தம். பிறகு விட்டாங்கள்தான். ஆனா பெடியன் இப்ப வாய் திறக்கிறானில்லை. எனக்கும் அவனை வெளியில விட மனமில்லை. எதையாவது விளையாடிக்கொண்டு வீட்டுக்குள்ள இருந்தானெண்டாக் காணும்.

— அப்ப நான் ஒரு உண்மை சொல்றன். வீட்டுக்குள்ள இருந்து விளையாட லெப்டொப் எதுக்கு? இதே சல்லிக்கு டெஸ்க்டொப் எடுத்தா ரெண்டு மடங்கு வேகம். பழுதானாலும் திருத்தலாம்.

— அது வேண்டாம்.

— எனக்கு லாபம் லெப்டொப்லதான் அக்கா. உங்களுக்காகச் சொல்றன்.

— டெஸ்க்டொப் அவனிட்ட இருந்தது தம்பி. போன வருசம் ஆனியில கொழும்பு லொட்ஜுகளில இருந்த எங்கட தமிழ்ச் சனத்தைப் பொலிஸ்காரர் பஸ்ஸில ஏத்தினாங்களெல்லே. அதில நாங்களும். ஆளுக்கொரு பைதான் எண்டு கத்தினாங்கள். இவன் அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டான். நான்தான் கையைப் பிரிச்சு இழுத்துக்கொண்டு வந்தனான். வவுனியாவில கொண்டுபோய் விட்டிட்டு, பிறகு சுப்ரீம் கோட் உத்தரவு போட்டுத்தான் திருப்பிக் கூட்டிவந்தாங்கள். வந்து பாத்தா அறையில வயர் மட்டும்தான்.

— சரி. லெப்டொப்பே பாப்பம்.

— இந்தச் சிவப்பு நிறம் வடிவா இருக்கு.

— வடிவுதான், புதுசுதான். கேம் போட்டீங்களெண்டா இழுத்து இழுத்து நிக்கும். மகன் உங்களோடதான் சண்டை பிடிப்பார். இதப் பாருங்க. சிங்கப்பூர்ல ஒரு ஒபிஸில பாவிச்சது. மூடியில கீறல், பாரமும் கூட. ஆனா கேமுக்கெண்டு தனி கார்ட் உள்ளுக்குக் கிடக்கு. பற்றரிதான் செத்துப்போச்சு. எப்பவும் வயர்ல குத்தியே பாவிக்கணும். மெத்தையில வைக்க விடாதீங்க, சூடேறிடும்.

— தூக்கிப் பாக்கட்டோ?

— தூக்குங்க.

— ம். ஓடியும் போகலாம் இதோட. என்ன விளையாட்டுப் போட்டுத் தருவீங்கள்?

— கிரிக்கெட், கார் ஓடுறது... பெடியன்மார் எல்லாம் கேக்குறது சுடுறதுதான். வேணாமெண்டாப் போடமாட்டன்.

— போடுங்கோ. வீட்டுக்குள்ளதானே சுடப்போறான். சத்தம்தான் வெளியில கேக்கக்கூடாது. தமிழாக்களின்ர அறைக்குள்ள வெடிச் சத்தமெண்டு ஆரும் போன் அடிச்சா முடிஞ்சுது.

— ஹெட்போன் ஒண்டு சும்மாவே தாறன். உங்கட பேர்?

— சிவமணி. பில்லில அடையாள அட்டை நம்பரையும் போடுங்கோ. செக்பொயின்ற்ல மறிச்சா, ஆரின்ர எண்டு கேப்பாங்கள்.

— போடுறன். வேற?

— ஒண்டு கேக்கட்டோ, குறை நினையாதேங்கோ. உள்ளுக்குக் கிடக்கு எண்டு சொன்னனீங்கள். கொழும்பு முஸ்லிம் ஆக்கள் அப்பிடிக் கதைக்கமாட்டினம்.

— வாயில வந்திட்டுதா? யாழ்ப்பாணம் அக்கா. சோனகதெரு.

— அப்பிடியே! எப்ப வந்தனீங்கள்?

— வந்தமெண்டில்ல. தொண்ணூறில எங்கட முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் புலிகள் ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னாங்களே.

— ஓம்... தெரியும் தம்பி.

— எனக்குப் பதினாலு வயசு அப்ப. கையில வச்சு விளையாடுற கேம் ஒண்டு, மாமா சவூதியில இருந்து கொண்டுவந்து தந்தது. காச்சட்டைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தன். மைதானத்தில வரிசையா விட்டுச் சோதிச்சாங்க. எடுத்திட்டாங்க.

— பாவி மக்கள். சின்னப் பிள்ளையின்ர விளையாட்டுச் சாமானையுமோ?

— எடுத்தவனுக்கும் என்ர வயசுதான் அக்கா. சுடுற துவக்கை முதுகில போட்டிட்டு, உது எப்பிடி விளையாடுறதெண்டு கேட்டான். பக்கத்தில குந்தியிருந்து சொல்லிக் குடுத்திட்டுத்தான் லொறியில ஏறினன்.