மணிக்கட்டில் வெளுத்த இடம்

பழைய வாட்ச் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் வாட்சைத்தான் பார்க்கிறார்கள். அது தவறு. விற்க வந்தவரின் மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் வாட்ச் கட்டிய கையில் ஒரு வெளுத்த பட்டை இருக்கும். அது வாட்சின் அகலத்துக்குச் சரியாக இருந்தால் பொருள் அவருடையது; மேற்கொண்டு பேசலாம். கை முழுக்க ஒரே நிறமாக இருந்தால் ஒரு சாயா வாங்கிக் கொடுத்து, நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிட வேண்டும். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் இத்தனை வருஷம் கடை வைத்திருந்தும் திருட்டு வாட்ச் ஒன்றுகூட நான் விலைக்கு வாங்கியதில்லை. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள் சார்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றபோது நீங்கள் சிரித்தீர்கள். தமிழில்தான் எழுதுவேன் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டில் பேசுவது தமிழ்தான், வாசிக்க மட்டும் வராது என்று சொன்னீர்கள். அதனால் ஒன்றும் இல்லை. எஸ்.ஐ. பிரதீஷ் சார், உங்களுக்கு ஸ்டேஷனில் இருக்கும் பாக்கியலக்ஷ்மி மேடம் வாசித்துக் காட்டட்டும். நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாட்ச் விஷயம் விளங்காதவருக்கு மற்ற விஷயமும் விளங்காது.

மணிக்கட்டுக்கு அடுத்தது டயல். பழைய டயலில் ஒரு மங்கல் இருக்கும், அதுதான் அழகு. புதுத்தட்டு மாதிரி பளபளத்தால், பழையதைச் சுரண்டிவிட்டு யாரோ மறுபடி எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பம்பாயில் அதற்கென்றே ஆட்கள் உண்டு. அப்புறம் கேஸ், மெஷினைச் சுற்றியிருக்கும் கூடு. ஸ்ட்ராப் மாட்டும் காதுகளின் விளிம்பு விரலில் கூராகப் பட வேண்டும். பாலிஷ் போடுகிறவன் அந்த விளிம்பைத் தேய்த்துத் தேய்த்துப் பாதி கரைந்த சோப்புக்கட்டி ஆக்கிவிடுவான். தேய்ந்த தங்கம் திரும்பி வராது. அப்புறம் சாவி, பக்கவாட்டில் திருகுகிற குமிழ்; அதில் கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாகப் பின்மூடி. அதைத் திறந்து பார்க்காமல் எந்த வாட்சையும் வாங்காதீர்கள். உள்ளே மெஷின் நம்பர் இருக்கும். மூடியின் உட்பக்கத்தில் ஊசியால் கீறிய எழுத்துகளும் இருக்கும். ரிப்பேர் செய்கிறவன் தான் திறந்த வாட்சின் மூடிக்குள் தன் அடையாளத்தையும் தேதியையும் கீறி வைப்பது எங்கள் தொழில் வழக்கம். சாப்பிட்டதும் கை கழுவுவது போல அது தானாக நடக்கும். என் பெயர் நல்லசிவம். என் அடையாளம் ஒரு வட்டம், அதற்குள் ஒரு 'ந'.

வெங்கிடாசலம் அண்ணாச்சியின் வாட்சுக்குள் வெகுகாலம் என் அடையாளம் இல்லை. அவர் என்னைத் திறக்க விட்டதே இல்லை. அவர் வில்லிங்டன் ஐலண்டில் ஒரு தேயிலைக் கம்பெனியில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குக் கப்பலேறும் அன்று தன் கையிலிருந்து கழற்றி இவர் கையில் கட்டிவிட்டுப் போன ஒமேகா கான்ஸ்டலேஷன் அது. தங்கக் கேஸ். டயலின் ஓரம் பன்னிரண்டு பக்கமாகச் சரியும். பின்மூடியில் ஒரு வானாய்வுக்கூடமும் மேலே நட்சத்திரங்களும் செதுக்கியிருக்கும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே, அந்த ஜாதி.

மனைவி காலமாகி, மகள் ரஜிதா திருப்பூணித்துறையில் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு, பனையப்பள்ளியில் ஒரு மாடி வீட்டில் அவர் தனியாக இருந்தார். சமையலுக்கும் வீடு துடைக்கவும் வாத்துருத்தி காலனியிலிருந்து இருளாயி என்ற பெண் வருவாள். சாயங்காலமானால் அண்ணாச்சி என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து சாயா குடிப்பார். அவர் ஊர்க்கதை பேசுவார், நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெண் பார்க்கப் போன அன்றுகூட நான் எதையும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு வேறு எதன்மேலும் ஆசை கிடையாது. குடி இல்லை, சீட்டு இல்லை. அந்த வாட்ச் மட்டும் வேண்டும் என்று இருந்தது.

"எனக்குப் பெறவு இது உனக்குத்தான் நல்லசிவம். உன்னைப் போல இதை நோக்குறதுக்கு வேற ஆளு யாரு இருக்கு?" என்று அவரே ஒருமுறை சொன்னார். அப்போது கடையில் வேறு யாரும் இல்லை.

தொண்ணூற்றைந்தாம் வருஷம், ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால், அதே ஸ்டூலில் உட்கார்ந்து வேறு மாதிரி சொன்னார். "மருமகன் கல்ஃபிலேருந்து லீவுக்கு வர்றான். அவனுக்குக் குடுக்கலாம்னு வெச்சிருக்கேன். பழசாக் குடுத்தா நல்லா இருக்காதுல்லோ? பம்பாய் போற ஆள் ஒருத்தன் இருக்கான். டயலைப் புதுசா எழுதி, கேஸுக்கு நல்லா பாலிஷ் போட்டு, ஒண்ணு சரியாக்கி எடுக்கணும்."

மருமகனுக்குக் கொடுப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். குரங்கு கையில் பூமாலை என்றாலும் பூ கொஞ்ச நேரமாவது பூவாக இருக்கும். ஆனால் டயலைச் சுரண்டுவது, கேஸைத் தேய்ப்பது, இதெல்லாம் கொலை. முப்பது வருஷம் ஒரு கீறல் படாமல் இருந்த பொருளை நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அவர் கொல்லப் போனார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் ஒரு பந்த் வந்தது. இப்போது ஹர்த்தால் என்கிறீர்கள், அப்போது பந்த். கடை கண்ணி இல்லை, பஸ் இல்லை, படகு இல்லை. நான் நடந்தே பனையப்பள்ளிக்குப் போனேன். வழியில் தெரிந்தவர் யாரையும் பார்க்கவில்லை. இருளாயி பந்த் முடிந்து சாயங்காலம்தான் வருவாள் என்று அண்ணாச்சி சொன்னார்.

"பம்பாய்க்கு அனுப்புறதுக்கு முன்னால மெஷின் நம்பரைக் குறிச்சு வெச்சுக்கிடுவோம் அண்ணாச்சி. அங்க மெஷினை மாத்திட்டா நமக்கு எப்படித் தெரியும்?" என்றேன். அது நியாயமான யோசனைதான். எந்த வாட்சைக் கைவிட்டுக் கொடுத்தாலும் அப்படிக் குறித்துக்கொள்ளத்தான் வேண்டும். அவர் வாட்சைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சாயா போட அடுக்களைக்குப் போனார்.

வாட்ச் திறக்கும் மேஜை சுத்தமாக இருக்க வேண்டும். அதில் பேப்பர், மூக்குக்கண்ணாடி, அவருடைய நெஞ்சுவலிக் குளிகை இருக்கும் குப்பி எல்லாம் கிடந்தன. எல்லாவற்றையும் ஒதுக்கினேன். வெள்ளைத்துணி விரித்து, கண்ணில் ஐகிளாஸ் லென்ஸைச் செருகிக்கொண்டு பின்மூடியைத் திறந்தேன். மெஷின் செம்பு நிறத்தில் இருந்தது. ஒரு திருகில்கூட ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிய தடம் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணாச்சி சாயாவோடு வந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னேன். என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "குளிகை நல்லசிவம், குளிகை" என்றார். அவர் கை மேஜையில் தேடியது. குப்பி மேஜையில் இல்லை. அந்த நேரம் மூடி திறந்து கிடந்தது. திறந்த மெஷினை அப்படியே விட்டு எழுந்தால் தூசி விழும். தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார். அவசரப்படாமல் மூடினேன். அதற்குள் அவர் நாற்காலியிலிருந்து தரைக்கு வந்துவிட்டார். பந்த் அன்று வண்டிக்கு எங்கே போவது என்று நான் பிறகு பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டேன். பந்த் அன்றும் ஆம்புலன்ஸ் ஓடும். கீழே ரோட்டில் ஒன்று போன சத்தமும் கேட்டது.

சாயங்காலம் இருளாயிதான் அவரைப் பார்த்துக் கூப்பாடு போட்டாள். மறுநாள் ரஜிதா வந்து அப்பாவின் கையைத் தூக்கி மடியில் வைத்து அழுதாள். அழுதுகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு மணிக்கட்டைப் பார்த்தாள். வெளுத்த பட்டை இருந்தது, வாட்ச் இல்லை. வீட்டுக்குள் போய்வர இருந்தவள் ஒருத்திதானே. அன்றைக்கே இருளாயியைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

போலீஸ் என்னிடமும் வந்தது. பந்த் அன்று வீட்டை விட்டு இறங்கவில்லை என்று சொன்னேன். காணாமல் போன வாட்சின் விவரம் வேண்டும், ஆலுவா வரைக்கும் அடகுக்கடைகளில் தேட வேண்டும் என்றார்கள். டயல், சாவி, பின்மூடி நட்சத்திரம் என்று ஒரு விவரம் விடாமல் சொன்னேன். இவ்வளவு ஒழுங்காக யாரும் சொன்னதில்லை என்று அந்த ஏட்டு என்னைப் பாராட்டினார்.

இருளாயி ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள அவளிடம் ஒன்றும் இல்லை. விட்டு அனுப்பியபோது வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. அது உங்கள் காலத்துக்கு முன்னால் நடந்தது, உங்களைக் குறை சொல்லவில்லை. பிறகு எந்த வீட்டிலும் அவளை வேலைக்குச் சேர்க்கவில்லை. ஒருநாள் என் கடை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நீங்களாவது நாலு பேருகிட்டச் சொல்லுங்க. அந்த மனுசன் குளிக்கப் போகையில கழட்டி என் கையிலதான குடுப்பாரு? எடுக்கணும்னா அன்னைக்கே எடுத்திருக்க மாட்டேனா?"

நியாயமான கேள்விதான். அவளுக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்து, நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினேன். டம்ளரை இடது கையால் வாங்கிக்கொண்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சொல்லுவார்கள். எனக்கு அவள்மேல் ஒரு கோபமும் கிடையாது.

வாட்சைப் பன்னிரண்டு வருஷம் நான் வைத்திருந்தேன். வெளியே கட்டியதில்லை. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் கட்டியிருப்பேன், பிறகு பெட்டியில் வைப்பேன். எண்ணெய் போடத் திறந்திருக்கிறேன். நல்ல பொருளை ஒருவர் கண்ணிலும் காட்டாமல் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் உங்களுக்கு விளங்காது. பெற்ற பிள்ளையை ஊருக்குத் தெரியாமல் வளர்ப்பது போலத்தான்.

போன வருஷம் பாண்டியராஜன் என்று ஒருவன் கடைக்கு வர ஆரம்பித்தான். காக்கநாட்டில் ஐ.டி. பார்க்கில் வேலை. பழைய வாட்ச் வாங்க வேண்டும், என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்டான். ஞாயிறுதோறும் வருவான். மேலே எழுதியதை எல்லாம் அவனுக்கும் அதே வரிசையில்தான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு வாட்ச் வாங்கினான். ஒழுங்காகப் பார்த்துத்தான் வாங்கினான். பிறகு ஒருநாள் கேட்டான்.

"அண்ணாச்சி, நீங்க கைல எடுத்ததுலயே முழுசும் ஒரிஜினல்னா எது?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அப்படி ஒரு கேள்வியை அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. அடுத்த ஞாயிறு எடுத்து வந்து துணியில் வைத்தேன்.

டயல் பார்த்தான். காதின் விளிம்பை விரலால் தடவினான். சாவி பார்த்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு ஐகிளாஸைச் செருகிக்கொண்டு பின்மூடியைத் திறந்து, உட்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். அதிலேயே நின்றுவிட்டான்.

"வட்டத்துக்குள்ள 'ந'. இது நீங்க போட்டதா அண்ணாச்சி?"

"ஆமா."

"பக்கத்துல இருக்கிற தேதியும்?"

"நான் போட்டதுதான்."

"அன்னைக்கு பந்த். பெரியவர் செத்த நாளு. மறுநாள்தான் எங்கம்மாவக் கூட்டிட்டுப் போனாங்க." ஐகிளாஸைக் கழற்றித் துணியில் வைத்தான். "எங்கம்மா பேரு இருளாயி."

எத்தனையோ முறை திறந்திருக்கிறேன் சார், அந்த எழுத்து ஒருமுறையும் என் கண்ணை உறுத்தவில்லை. மூடுவதற்கு முன்னால் கை தானாக ஊசியை எடுத்திருக்கிறது. என் தவறு வேறு. விற்க வருகிறவர் மணிக்கட்டைப் பார்க்கிற நான், வாங்க வந்தவன் மணிக்கட்டைப் பார்க்கவில்லை. அன்றுதான் பார்த்தேன். பட்டையே இல்லை. கை முழுக்க ஒரே நிறம். அவன் வாட்ச் கட்டுகிறவனே அல்ல.

இனி நீங்கள் கேட்டது. அண்ணாச்சி சாயாவோடு வந்தபோது நான் சொன்னது இதுதான்: "இது டூப்ளிகேட் அண்ணாச்சி. அந்த வெள்ளைக்காரச் சாயிப்பு உங்களை ஏமாத்திட்டுப் போயிட்டான். மருமகன் கைல குடுத்தா அவன் கூட்டாளிங்க சிரிப்பாங்க." வாங்க நினைப்பவர் பொருளை மட்டம் தட்டுவது வியாபாரத்தில் உள்ளதுதான். ஆனால் ஒரு வாட்சைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய் அது. "முப்பது வருஷம் இதைக் காட்டிட்டு நடந்தேனே" என்றார். அவருக்கு நெஞ்சு தாங்காது என்று எனக்குத் தெரியும். குளிகைக் குப்பியை ஒதுக்கி வைத்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். ஒதுக்கி வைத்த இடம் என் சட்டைப் பை. அவர் அடுக்களைக்குத் திரும்பியதுமே எடுத்து வைத்துவிட்டேன். அவர் கேட்டபோதும் அது என் நெஞ்சில்தான் இருந்தது. நான்தான் கொன்றேன்.

ஆனால் ஒரு மனிதரைப் பொய்யோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். டயல் ஒரிஜினல் அண்ணாச்சி, கேஸ் ஒரிஜினல், சாவி ஒரிஜினல், மெஷினில் ஒரு கீறல் இல்லை என்று ஒவ்வொன்றாக, அவருக்குக் கேட்கும்படி, அவர் மூச்சு இருக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்திருந்தார். மனம் ஆறித்தான் போனார்.

ஒரே ஒரு வேண்டுகோள். வாட்சைத் துணியில் கட்டி அரக்கு வைத்து, வழக்குச் சாமான் வைக்கும் தொண்டி அறையில் போட்டிருப்பதாக மேடம் சொன்னார்கள். அந்த மாதிரி மெஷின் அசையாமல் கிடந்தால் எண்ணெய் கட்டிப்போய் உள்ளுக்குள்ளேயே கெட்டுவிடும். தினம் ஒருவர் கையில் எடுத்து லேசாக ஆட்டினால் போதும், ஓடிக்கொண்டிருக்கும். பெரிய வேலை ஒன்றும் இல்லை. எட்டுகிற தூரத்தில் ஆள் இருந்தும் அதை அப்படி நின்றுபோக விடுவது பாவம் சார்.